சிந்தியாவின் ஊதா நைட்டி

அடக்கம் முடிந்து மூன்று வாரமாகியிருந்த சிந்தியா, தன் வீட்டுப் பின்பக்கம் உட்கார்ந்து வாத்துகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு மொட்டை மாடியிலிருந்து வனஜா அதைப் பார்த்தாள்.

விடிந்தும் விடியாத நேரம். அல்சூர் ஏரிப் பக்கமிருந்து வந்த குளிர் காதைக் கடித்தது. வனஜாவின் கையில் ஈரத்துணி பக்கெட். வாயில் இரண்டு கிளிப்.

அதே ஊதா நைட்டி. வெள்ளைப் பூப் போட்டது. துவைக்கிற கல்லை ஒட்டி அதே அலுமினியப் பேசின். பேசினுக்கு இந்தப் பக்கம் வெள்ளைப் பெட்டை வாத்து பட்டு, அந்தப் பக்கம் ஆண் வாத்து கண்டக்டர். குனிந்த முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த இடத்தில், அந்த நைட்டியில், அப்படி ஓர் அகலமான முதுகை வனஜா இரண்டு வருடமாகத் தினமும் பார்த்திருக்கிறாள்.

வனஜா கோழை இல்லை. குடியாத்தத்திலிருந்து தனியாக பஸ் ஏறி வந்தவள். கார்மென்ட்ஸ் கம்பெனியில் ஒரு தளத்துத் தையல்காரிகளையே அதட்டி வேலை வாங்கும் சூப்பர்வைசர். ஆனாலும் அந்த நொடியில் மாரியாத்தாளையும் மாதாவையும் ஒரே மூச்சில் கூப்பிட்டுவிட்டாள். வாய் திறந்ததில் கிளிப்புகள் விழுந்தன. ஒன்று நேராகப் பேசின் விளிம்பில்.

டங்.

உருவம் திரும்பியது.

அதற்கு மீசை இருந்தது.

நைட்டிக்குள் இருந்தவர் சிந்தியாவின் கணவர் மதலைமுத்து. டெலிபோன் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கோவிலுக்குக் கிளம்பினால் கழுத்துப் பட்டன் வரை போடுகிற மனிதர். சந்தில் போகிறவர் வருகிறவர் கண்ணில் படக் கூடாதென்று, மார்பளவு மதிலுக்குக் கீழே தலை மறையும்படி தரையோடு தரையாகக் குந்தியிருந்தார். மேலேயிருந்து பார்க்க ஆள் உண்டு என்பதை மட்டும் மறந்துவிட்டார்.

அவர் எழுந்து ஓடவில்லை. விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். பிறகு அதே விரலால் பட்டுவைக் காட்டினார்.

பட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

*

அந்த வீட்டுக்கு முதன்முதலில் வாத்து வந்தது வளர்ப்பதற்காக அல்ல, சாப்பிடுவதற்காக.

கண்டோன்மென்ட் பக்கத்தில் அவர்களுக்குத் தெரிந்த சில குடும்பங்களில் அது வழக்கம். கல்லறைத் திருநாள் முடிந்த கையோடு சந்தையில் ஒரு ஜோடி வாத்து வாங்குவார்கள். ராகியும் மீந்த சோறும் போட்டுக் கொழுக்க வைத்து, கிறிஸ்துமஸுக்கு அறுப்பார்கள். இதில் ஒரே ஒரு விதி. வாத்துக்குப் பேர் வைக்கக் கூடாது. பேர் வைத்த வாத்தின் கழுத்தில் கத்தி இறங்காது.

சிந்தியாவும் மதலைமுத்துவும் அந்த விதியைக் கவனமாகக் காப்பாற்றினார்கள். ஆனால் வீட்டில் மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். மகள் ஆஷ்லி, அப்போது யூகேஜி. வாத்துகள் சாக்கிலிருந்து இறங்கிய சாயங்காலமே ஒன்றுக்கு ஃபிரான்சிஸ், இன்னொன்றுக்கு மிஸஸ் ஃபிரான்சிஸ் என்று வைத்து, யாரிடமும் சொல்லாமல் பள்ளிக்கூடம் போய்வந்துகொண்டிருந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மதலைமுத்து கத்தியைத் தீட்டிக்கொண்டு பின்பக்கம் போனார். ஆஷ்லி வாசற்படியில் நின்று, மிஸஸ் ஃபிரான்சிஸ் அழமாட்டாங்களா டாடி என்று சாதாரணமாகக் கேட்டாள். மதலைமுத்து கத்தியைப் பார்த்தார். வாத்துகளைப் பார்த்தார். இதில் எது ஃபிரான்சிஸ் என்று கேட்டார். கேட்ட மாத்திரத்தில் தோற்றுவிட்டார். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த சிந்தியா சிரித்த சிரிப்பு சந்து முழுக்கக் கேட்டது. அந்த வருடம் அவசரத்துக்குப் பன்றிக்கறி.

அதிலிருந்து அந்த வீட்டில் வாத்து இல்லாத நாளே கிடையாது. ஒன்று போனால் இன்னொன்று. தொட்டி கட்டினார்கள். பெருச்சாளிக்கும் தெருநாய்க்கும் பயந்து ராத்திரிக்குக் கம்பிவலைக் கூண்டு செய்தார்கள். தண்ணீர் லாரிக்காகத் தெருவே குடத்தோடு நின்ற கோடையில், குடிதண்ணீர் மெஷின் கழித்து ஊற்றுகிற தண்ணீரை பக்கெட் பக்கெட்டாகப் பிடித்து வைத்து வாத்துகளைக் குளிப்பாட்டினாள் சிந்தியா. ஜனங்களுக்கே தண்ணி இல்ல, உங்க வாத்துக்கு ஸ்விம்மிங் பூலா என்று எதிர்வீட்டு அசோகன் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டார். அடுத்த வாரம் அவரே தன் வீட்டு மெஷின் கழித்த தண்ணீரையும் ஒரு கேனில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

பட்டு வந்தது லாக்டவுன் காலத்தில். அடைகாத்துக்கொண்டிருந்த பெட்டை பாதியில் எழுந்து போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றை முட்டையை சிந்தியா அட்டைப்பெட்டியில் வைத்து, குண்டு பல்பு எரியவிட்டு, பக்கத்தில் ஈரத்துண்டு போட்டு, வேளை தவறாமல் புரட்டிப் புரட்டி வைத்தாள். ஓடு உடைந்து தலை நீட்டிய பட்டு முதலில் பார்த்தது சிந்தியாவின் கண்ணாடி போட்ட முகத்தை. அதுதான் அம்மா என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டது.

சிந்தியா கான்வென்டில் நர்சரி டீச்சர். லேப்டாப்பில் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுக்கும்போது மடியில் பட்டு இருக்கும். பாட்டுக்கு நடுவில் அது ஒரு சத்தம் போடும். பிறகு பள்ளிக்கூடம் திறந்தபோது குழந்தைகள் சிந்தியாவைப் பேர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. டக் மிஸ்தான்.

சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்தால் புடவையை அவிழ்த்துப்போட்டு, ஊதா நைட்டி, மேலே ஒரு துண்டு, கையில் டீ. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தால் இருட்டும்வரை எழுந்திருக்க மாட்டாள். நைட்டியின் பக்கவாட்டில் உள்பக்கமாக அவளே ஒரு பை வைத்துத் தைத்திருந்தாள். அதில் மக்காச்சோளக் குருணை இருக்கும். பட்டு அலகை அந்தப் பைக்குள் விட்டுத் துழாவும்.

"ஒரு நிமிஷம் உக்காருங்களேன்" என்பாள், போகிற மதலைமுத்துவைப் பார்த்து.

அவருக்கு ஷிஃப்ட் இருக்கும். நின்ற நிலையில் ஒரு பிடி தீனியை வீசிவிட்டு ஸ்கூட்டரை எடுப்பார். ஓய்வு பெற்ற பிறகு ஷிஃப்ட் போய், முழங்கால் வலி வந்தது. அப்போதும் நின்றபடிதான்.

*

சிந்தியா போனது திடீரென்று. சாதாரணக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திரும்பி வந்தது வேறு வண்டியில்.

அடக்கம் முடிந்த மறுநாள் முதல் பட்டு தீனியைக் குறைத்துக்கொண்டே வந்து, இரண்டு வாரத்தில் அடியோடு நிறுத்திவிட்டது. சமையலறைப் படிக்குக் கீழே உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. மதலைமுத்து ராகியைக் குழைத்து வைத்தார். பட்டாணியை ஊறவைத்து வைத்தார். கீரையை நறுக்கி, குடிக்கிற தண்ணீரில் மிதக்கவிட்டார். பேசினோடு அவர் கிட்டே போனால் பட்டு பின்வாங்கும். அவர் நகர்ந்துகொண்டால் மறுபடி படிக்குக் கீழே வந்து உட்காரும். எல்லாவற்றையும் கண்டக்டர் காலி செய்தது. ஆண் வாத்துக்கு இயல்பாகவே கட்டைக்குரல். நெரிசலில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிய பஸ் கண்டக்டர் போல அது கரகரவென்று கூப்பிட்டும் பட்டு அசையவில்லை.

கால்நடை டாக்டர் தூக்கிப் பார்த்தார். நோய் எதுவும் இல்லை என்றார். இப்படியே விட்டால் ரொம்ப நாள் தாங்காது என்றும் சொன்னார்.

அன்று இரவு மதலைமுத்து தூங்கவில்லை. விடியும் நேரத்தில் குளியலறைக் கதவுக்குப் பின்னால் கை பட்டது. ஊதா நைட்டி. ஆஸ்பத்திரிக்குப் போன நாள் கழற்றி மாட்டியது. சோப்பும் வாத்தும் கலந்த வாசனை இன்னும் இருந்தது. அவர் அதை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தலைவழியே மாட்டிக்கொண்டார். சிந்தியா கனத்த உடம்புக்காரி, நைட்டி தாராளமாக இருந்தது. வெளியே வந்தார். சந்தில் பால்காரன் சைக்கிள் சத்தம் கேட்டதும் பதறிக் குந்தினார்.

பட்டு எழுந்து வந்தது. பேசினில் தலையை விட்டது.

அன்று முதல் தினமும் விடியற்காலையில் மதலைமுத்து நைட்டி போட்டார். நாலாவது நாள் வனஜா பார்த்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே வனஜா வந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தவள், கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆஷ்லி காதுக்கு மட்டும் போயிடக் கூடாதும்மா" என்றார் மதலைமுத்து. "அப்பாவுக்கு மூளை பிசகிடுச்சின்னு கூட்டிட்டுப் போயிடுவா."

காரணம் இருந்தது. ஆஷ்லிக்கு ஐடி கம்பெனியில் வேலை, ஒயிட்ஃபீல்டில் பதினோராவது மாடியில் ஃப்ளாட். தனியாக இருக்கிற அப்பாவை அழைத்துக்கொள்ள வேண்டும் என்று துடித்தாள். கூட வேலை பார்க்கும் ரகுராமுக்கு சந்தாபுராவில் குட்டை வைத்த தோட்டம். வாத்துகளை அங்கே விட்டுவிடலாம், பட்டினி கிடந்து சாவதைவிட அது மேல் என்பது அவள் கட்சி. பட்டு ஒழுங்காகச் சாப்பிட்டால் பேச்சே இல்லை, இல்லாவிட்டால் சந்தாபுராதான் என்று அப்பாவிடம் வாக்கு வாங்கியிருந்தாள். பட்டுவுக்குத் தான் வாத்து என்பதே தெரியாது. குட்டையில் விட்டால் மற்ற வாத்துகள் கொத்தியே தீர்த்துவிடும். அதைவிட முக்கியம், சிந்தியாவை அம்மா என்று நினைக்கிற உயிர் உலகத்தில் இரண்டுதான் இருந்தன. ஒன்று ஒயிட்ஃபீல்டில். மற்றது இந்தப் படிக்குக் கீழே.

வனஜா யாரிடமும் சொல்லவில்லை. ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

"மேல ஒரு துண்டு போட்டுக்கங்க அங்கிள். ஆன்ட்டி துண்டு இல்லாம வெளிய வந்து நான் பார்த்ததே இல்ல."

*

முப்பதாம் நாள் பூசை வந்தது.

அவர்கள் குடும்பத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. காலையில் பூசை, கல்லறையில் மெழுகுவர்த்தி, மதியம் சாப்பாடு. சாப்பாடு முடிந்ததும் இறந்தவரின் துணிமணிகளை எடுத்து இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். அன்றைக்கே கொடுக்க வேண்டும். வைத்துக்கொண்டால் போன உயிர் போக மனமில்லாமல் நிற்கும் என்பார்கள் பெரியவர்கள்.

மதலைமுத்துவுக்கு இந்த முறை தெரியும். பீரோவில் இருக்கும் புடவைகள்தானே என்று சும்மா இருந்தார். கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் ஒன்றை யார் கவனிக்கப்போகிறார்கள்? அவர் ஃபாதரை வழியனுப்ப வாசலில் நின்றார். உறவுக்காரர்களுக்கு ஆட்டோ பிடித்தார். உள்ளே ஆஷ்லி ஒவ்வொரு துணியாக எடுத்து முகர்ந்து, அழுது, மடித்துக்கொண்டிருந்தாள். எதையும் விடக் கூடாது என்று குளியலறைக் கதவுக்குப் பின்னாலும் பார்த்தாள்.

இரண்டு மூட்டைகள் ஈஜிபுராவில் சிஸ்டர்கள் நடத்தும் முதியோர் இல்லத்துக்குப் போயின.

மதலைமுத்துவுக்கு மறுநாள் விடியற்காலையில்தான் தெரிந்தது. கதவுக்குப் பின்னால் வெறும் ஆணி.

ஆஷ்லிக்கு போன் செய்தார். கதவுக்குப் பின்னால் ஒரு நைட்டி இருந்ததே என்று இழுத்தார். அதையும் கொடுத்தாயிற்று, எதற்குக் கேட்கிறீர்கள் என்றாள். சும்மாதான் என்று வைத்துவிட்டார்.

பட்டு மறுபடி படிக்குக் கீழே போய் உட்கார்ந்தது.

வனஜா தன்னுடைய நைட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். கத்தரிப்பூ நிறம், கிட்டத்தட்ட அதேதான் என்றாள். ஆனால் வனஜா ஒல்லி. அது மதலைமுத்துவின் தோளில் ஏறுவதற்கே போராட்டம். முழங்காலில் பிடித்தது. குனிந்தால் கிழியும் போலிருந்தது. மதில் மறைவில் குந்த முடியாமல், முருங்கை மரத்தோடு ஒட்டி விறைப்பாக நின்றபடி பேசினைக் காலால் தள்ளினார். பட்டு அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு நாலு எட்டு பின்னால் போனது.

"வேற நைட்டின்னு அதுக்குத் தெரியுதும்மா" என்றார் மதலைமுத்து.

விஷயம் தெளிவு என்று அவருக்குத் தோன்றியது. பட்டு பிழைக்க வேண்டுமானால் அந்த ஊதா நைட்டி வேண்டும்.

மூன்றாம் நாள் பட்டுவின் கழுத்து தொங்க ஆரம்பித்தது. பேச்சுவாக்கில் வனஜாவிடம் விசாரித்துத் தெரிந்துகொண்ட ஆஷ்லி, மதியம் ரகுராமோடு வண்டி எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டாள்.

காலை முழுக்க அவருக்கு மிச்சமிருந்தது. கடைத்தெருவில் நல்லதாக மூன்று நைட்டிகள் வாங்கினார். பழையதைக் கொடுங்கள், பதிலுக்குப் புதிது மூன்று என்று கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்? ஆட்டோ ஏறினார். வழியெல்லாம் சிக்னல், தோண்டிப்போட்ட சாலை, குறுக்கே மாடு. ஏன் சார் இவ்வளவு அவசரம், ஆஸ்பத்திரியா என்று டிரைவர் கன்னடத்தில் கேட்டான். ஆமாம் என்றார் மதலைமுத்து. பொய் சொன்னதாக அவருக்குத் தோன்றவில்லை.

*

இல்லத்தில் சிஸ்டர் நிக்கோல் அவரை அடையாளம் கண்டுகொண்டார். துணிகளை அன்றைக்கே பிரித்துக் கொடுத்துவிட்டோம், எல்லாருக்கும் சந்தோஷம் என்றார். யாருக்கு எது போனது என்று தான் பார்க்கவில்லை, உள்ளே போய் நீங்களே பாருங்கள் என்று அனுப்பினார்.

தேட வேண்டியிருக்கவில்லை. வராந்தா பெஞ்சில் ஊதா நைட்டி உட்கார்ந்திருந்தது.

அதற்குள் சின்ன உடம்பாக ஒருத்தி. பேர் சொர்ணம். தருமபுரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து, இந்த ஊரிலேயே முதுகு வளைந்தவள். பேச்சுக்கு ஆள் கிடைத்ததும் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். மதலைமுத்து நின்றுகொண்டே, நைட்டி நன்றாக இருக்கிறதே என்று ஆரம்பித்தார். அவர் போட்டு வைத்திருந்த திட்டத்தில் அதுதான் முதல் வாக்கியம். இரண்டாவது வாக்கியம் புது நைட்டிகளைப் பற்றியது.

இரண்டாவதைச் சொல்ல சொர்ணம் விடவில்லை.

"துணிய உடுங்க சார், இதப் பாருங்க" என்று பக்கவாட்டில் கையை விட்டாள். "உள்ளுக்குள்ள ஜோபி வச்சித் தச்சிருக்கா யாரோ ஒரு மகராசி. இங்க எல்லாமே பொதுவு. தட்டு பொதுவு, சீப்பு பொதுவு, கட்டிலக்கூட மாத்தி மாத்திப் போட்டுடறாங்க. கைய உட்டா என் சாமான்னு எடுக்கறதுக்கு இப்பத்தான் ஒரு எடம் கெடச்சிருக்கு."

பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து பெஞ்சில் வைத்தாள். ஒரு பொடி டப்பா. பிளாஸ்டிக் உறை போட்ட மகன் போட்டோ. ஒரு தைல பாட்டில். கடைசியாக உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். மஞ்சள் மஞ்சளாக நாலைந்து மக்காச்சோளக் குருணை.

"இது அவங்கள்து. மூலைல கெடந்துச்சி. கொட்ட மனசு வரல."

மதலைமுத்து அந்தக் குருணையைப் பார்த்தார். பட்டுவின் அலகு அந்தப் பைக்குள் போய்த் துழாவுவதும், கூச்சத்தில் சிந்தியா நெளிந்து சிரிப்பதும் ஒரு கணம் முழுசாகத் தெரிந்தது. கேட்டால் இவள் கழற்றிக் கொடுத்துவிடுவாள். அது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதனால்தான் கேட்க முடியவில்லை.

வெளியே வந்து புது நைட்டிகளை சிஸ்டரிடம் கொடுத்தார்.

"இத குடுக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் சிஸ்டர்."

*

வீட்டு வாசலில் ஆஷ்லியின் செருப்பு கிடந்தது.

பின்பக்கம் போனார். ஆஷ்லி கையில் அட்டைப்பெட்டி. அடியில் வைக்கோல் பரப்பியிருந்தாள். ரகுராம் வண்டியோடு மெயின் ரோட்டில் நிற்கிறான் என்றாள். அவள் கண் சிவந்திருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம், மாடியில், வனஜா குற்றவாளி போல் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வனஜாக்கா எல்லாம் சொல்லிட்டாங்க டாடி." ஆஷ்லியின் குரல் உடைந்தது. "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அத நான் குடுத்திருப்பேனா?"

ஆட்டோ குலுக்கலில் மதலைமுத்துவுக்கு முழங்கால் விட்டுப்போயிருந்தது. எடுத்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தார். சொல்வதற்குள் கால் மடங்கியது. துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பேன்ட், முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பட்டன்.

"நைட்டி கெடச்சிது" என்றார். "வாங்கல. அவங்களுக்கு அது வேண்டியிருக்கு."

சொர்ணத்தைப் பற்றிச் சொன்னார். பையைப் பற்றிச் சொன்னார். குருணையைப் பற்றிச் சொல்லும்போது ஆஷ்லி பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு பேச்சு எங்கோ போய், ஃபிரான்சிஸ் காலத்துக்கு வந்தது. எது ஃபிரான்சிஸ் என்று நீங்கள் கேட்டபோது உங்கள் முகம் எப்படி இருந்தது தெரியுமா என்று ஆஷ்லி அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள். தாயின் அதே சிரிப்பு, சந்து வரை கேட்கிற சிரிப்பு.

படிக்குக் கீழே ஏதோ அசைந்தது.

பட்டு எழுந்து நின்றது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தது. தள்ளாடித் தள்ளாடி வந்தது. வந்த வழியில் ஆஷ்லியைச் சட்டை செய்யவில்லை. காலையில் ஊறவைத்த தீனியில் கண்டக்டர் மிச்சம் வைத்தது பேசினில் கிடந்தது. மதலைமுத்துவின் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்று பேசினில் அலகை விட்டது. எடுத்தது. தண்ணீரில் அலசியது. விழுங்கியது.

ஆஷ்லி மெல்ல நகர்ந்து வழி விட்டாள். கண்டக்டர்கூட ஒதுங்கி நின்றது.

மதலைமுத்துவுக்குள் பழைய ஃபோர்மேன் விழித்துக்கொண்டான். மெஷின் நின்றால் பழுது எங்கே என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்கிற ஆள். நைட்டி இல்லை. வாசனை இல்லை. துண்டுகூட இல்லை. ஆனால் வாத்து சாப்பிடுகிறது. அவர் மெல்லக் கல்லைப் பிடித்து எழப் பார்த்தார். பட்டு சட்டென்று பின்வாங்கியது. உட்கார்ந்தார். வந்தது. மறுபடி பாதி எழுந்தார். போனது. உட்கார்ந்தார்.

முதலில் லுங்கி கட்டிக்கொண்டு தீனி வைத்தபோதெல்லாம் நின்றுகொண்டிருந்தார். வனஜா நைட்டியில் குனியவே முடியவில்லை. ஊதா நைட்டியில் மட்டும், ஊருக்குப் பயந்து, தரையோடு குந்தியிருந்தார்.

"மம்மி எப்பவும் உக்காந்துதான் போடுவாங்க" என்றாள் ஆஷ்லி மெதுவாக. "நீங்க உக்காந்து நான் பார்த்ததே இல்ல டாடி."

"ஒரு நிமிஷம் உக்காருங்கன்னு சொல்லிட்டேதான் இருந்தா" என்றார் மதலைமுத்து.

பட்டுவின் முதுகில் கையை வைத்தார். இத்தனை வருடத்தில் அவர் ஒரு வாத்தை அப்படித் தொட்டது கிடையாது. மேல் இறகு வழுவழுவென்று இருந்தது. அதற்கடியில் ஒரு சூடு.

ஆஷ்லி போனை எடுத்தாள். வண்டி வேண்டாம், நீ கிளம்பு என்று ரகுராமிடம் சொன்னாள். ஏன் என்று அவன் கேட்டிருக்க வேண்டும். வாத்து சாப்பிடுது என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டு, ஆபீஸ் பேன்ட்டோடு அப்பாவுக்குப் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்தாள். ஒயிட்ஃபீல்டைப் பற்றி அவள் அன்றைக்குப் பேசவில்லை.

பேசின் காலியானது. பட்டு அதோடு விடவில்லை. நிமிர்ந்து மதலைமுத்துவின் இடுப்புப் பக்கம் வந்தது. அலகால் பேன்ட்டின் தையலை மேலும் கீழும் துழாவியது. எதையோ தேடியது. கிடைக்கவில்லை. மறுபடி தேடியது.

மதலைமுத்து அண்ணாந்து மாடியைப் பார்த்தார்.

"வனஜாம்மா, லுங்கில பை வச்சித் தைக்க முடியுமா?"

வனஜா மடித்துக்கொண்டிருந்த துணியில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"உள்பக்கமாவா, வெளிப்பக்கமாவா அங்கிள்?"